பேக்ஸில் போன தாளும் கடிதம்தான்



சென்ற மாதம் திருவொற்றியூரில் மளிகைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு நீளமான துண்டுத் தாள். "அண்ணாச்சி, போன தை மாசம் வாங்கின எண்ணெயில நாலு டின் ஒழுகிப் போச்சு. திருப்பிக் கொடுத்தேன். பில்லுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாங்க. இப்ப வரவு வைக்கச் சொன்னா, எந்த பில், என்ன விலைன்னு கேக்கிறாங்க" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். நீலப் பேனாவில் "நாலு டின் வரவு" என்ற எழுத்தும் ஒரு கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. அதைத் தவிர தாளில் ஒன்றுமில்லை. கடைப் பெயர், பில் எண், தேதி, விலை எல்லாம் மறைந்து வெள்ளையாக இருந்தது. தம்பி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்படிச் சுவரை ஒட்டிய அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாராம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஏனென்றால் இதே பாடத்தைச் சுமார் முப்பது வருடத்துக்கு முன்னால், பேக்ஸ் இயந்திரத்திடம் பதினாறாயிரம் ரூபாய் கட்டி நான் படித்தவன். பேக்ஸ் இன்று பெரும்பாலான கடைகளில் இல்லை. ஆனால் தாளை அனுப்புவது, அது போய்ச் சேர்ந்ததா என்று அறிவது, அதன் அத்தாட்சியைக் காப்பது ஆகிய மூன்று வேலையும் நமக்கு இன்னும் இருக்கின்றன. அந்த மூன்றையும் பேக்ஸைப் போல் அடித்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் வேறில்லை.

எங்கள் பக்கத்துக்கு அது வந்த கதை

நான் ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். பர்மா உளுந்து கப்பலில் வந்து இறங்கும். சுங்க அலுவலகம் ராஜாஜி சாலையில். கிளியரிங் ஏஜெண்டுகள் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று பாரிமுனையைச் சுற்றி இருப்பார்கள். ஒரு தாள் குறைந்தால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கடைப் பையனைச் சைக்கிளில் அனுப்புவோம். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் பையன் மாட்டிக்கொண்டால் அரை நாள் போச்சு.

வெளியூருக்கு என்றால் தந்தி அல்லது டெலக்ஸ். தந்தியில் வார்த்தைக்குக் காசு. (அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு முடிந்தது.) டெலக்ஸுக்கு ஆங்கில எழுத்துத் தட்டத் தெரிந்த ஆள் வேண்டும். எட்டாவது, பத்தாவது படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம்.

பேக்ஸ் வந்தபோதுதான் எங்கள் கையெழுத்தே கம்பியில் போயிற்று. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, தமிழில் ஆர்டர் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டால், விருதுநகரில் அதே சுழி, அதே எழுத்து, அதே கையெழுத்து வெளியே வரும். தொலைநகல் என்று தமிழில் பெயர் வைத்தார்கள். பெயர் பொருத்தம்தான், ஆனாலும் கடைத்தெருவில் பேக்ஸ் என்றே நிலைத்துவிட்டது. ஜப்பான்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும், தட்டச்சுக்கு எளிதில் அடங்காத தங்கள் எழுத்தைக் கையால் எழுதியே அனுப்ப முடிந்தது ஒரு காரணம். 2021இல் அங்கே அரசு அலுவலகங்களில் பேக்ஸை நிறுத்தச் சொன்னபோது அலுவலகங்களே எதிர்த்தன.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று அப்போது நினைத்தோம். உண்மையில் டெலிபோனுக்கும் மூத்தது. ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெயின் 1843இல் காப்புரிமை பெற்றார். 1865இல் கசெல்லி என்ற இத்தாலியரின் இயந்திரம் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே கையெழுத்தையும் படத்தையும் தந்திக் கம்பியில் அனுப்பியது. ஆனால் ஒருவர் செய்த இயந்திரம் இன்னொருவர் இயந்திரத்தோடு பேசாமல் வெகுகாலம் கிடந்தது. 1980இல் "குரூப் 3" என்ற உலகப் பொது விதி வந்தது. எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் சாதாரண டெலிபோன் கம்பியில் ஒன்றோடொன்று பேசலாம், ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் போதும் என்றான பிறகுதான் அது ராயபுரம் வரை வந்தது.

சொந்த இயந்திரம் வாங்கும் முன்பு எஸ்.டி.டி. பூத்தில் கொடுத்து அனுப்புவோம். அதில் ஒரு சங்கடம்: நம் கொள்முதல் விலையைப் பூத்துக்காரரும் படிப்பார், வரிசையில் நிற்கும் பக்கத்துக் கடைக்காரரும் படிப்பார். நான் இயந்திரம் வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான்.

இயந்திரத்தின் கண்

இயந்திரம் எழுத்தைப் படிப்பதில்லை. தாளைக் கோடு கோடாகக் கிழித்துப் பார்ப்பதுபோல் பார்த்து, கறுப்பா வெள்ளையா என்று மட்டும் சொல்கிறது. ஒரு கோட்டில் 1728 புள்ளிகள். மேலிருந்து கீழே சாதாரண நிலையில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 கோடுகள். "ஃபைன்" என்ற பொத்தானை அழுத்தினால் 7.7 கோடுகள்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் பொடியாக ஓர் எண்ணை எழுதினால், சாதாரண நிலையில் அந்த எண்ணுக்கு ஏழு எட்டுக் கோடுதான் கிடைக்கும். 3க்கும் 8க்கும் வித்தியாசம் இடது பக்கத்து இரண்டு சிறு இடைவெளிதான். அதில் ஒரு கோடு பிசகினால் மூன்று எட்டாகிவிடும்.

1995 தீபாவளிக்கு எனக்கு அதுதான் நடந்தது. "து.பருப்பு மூட்டை 30" என்று என் வழக்கப்படி பொடி எழுத்தில் எழுதி அனுப்பினேன். மழைக்காலம், லைனில் ஒரே இரைச்சல். மில்லில் இருந்து லாரி வந்தது, 80 மூட்டையோடு. டெலிபோனில் சத்தம் போட்டேன். மில்காரர் பதற்றப்படாமல் தமக்கு வந்த தாளையே எனக்குத் திருப்பி பேக்ஸ் செய்தார். அதில் தெளிவாக 80. என் கையில் இருந்த மூலத்தில் தெளிவாக 30. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை! கடைசியில் தரகர் நடுவில் இருந்து பேசி, 50 மூட்டையையும் நான் வைத்துக்கொள்வது, லாரி வாடகையை மில் ஏற்பது என்று முடித்தார். தீபாவளி முடிந்தும் அந்த மூட்டைகள் என் குடோனில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அன்றிலிருந்து எண்ணாலும் எழுதுவேன், எழுத்தாலும் எழுதுவேன்: "30 (முப்பது) மூட்டை". செக்கில் எழுதுகிறோம் அல்லவா, ஆர்டரில் எழுத மட்டும் ஏன் சோம்பல்?

அனுப்பும் முறை

பேக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. சில அலுவலகங்களின் கடிதத் தாளில் பேக்ஸ் எண் இன்றும் அச்சாகிறது. ஆகவே முறையைச் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு மையில், கொஞ்சம் தடித்த பேனாவில் எழுதுங்கள். பென்சிலும், கார்பன் தாளின் மூன்றாம் நகலும் சரியாகப் போகாது. அப்படிப்பட்டதை முதலில் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை அனுப்பவும். விளிம்பில் ஒரு விரற்கடை விட்டு எழுதவும். ஓரத்தில் எழுதியதை இயந்திரம் விழுங்கிவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் ஒன்றும் இருக்கக் கூடாது. அது உள்ளே கண்ணாடியைக் கீறினால், அதன் பிறகு அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு விழும். என் இயந்திரத்தில் அந்தக் கோடு கடைசி வரை இருந்தது; கோட்டைப் பார்த்தே என் தாள் என்று தெரிந்துகொள்வார்களாம்.

மூன்று தாள் அனுப்பினால் 1/3, 2/3, 3/3 என்று போடவும். இது சின்ன விஷயமில்லை. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விட்டால், நடுத்தாள் வரவில்லை என்பது எதிர்ப்பக்கத்தாருக்கு வேறு எப்படித் தெரியும்?

எழுத்துப் பக்கம் மேலே வைக்கவேண்டுமா கீழே வைக்கவேண்டுமா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். தட்டில் ஒரு மூலை மடிந்த தாளின் படம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வைக்கவும். எண்ணை அழுத்தியதும் நம் இயந்திரம் மூன்று நொடிக்கு ஒருமுறை அரை நொடி கூவும். எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு கீச்சுச் சத்தத்தில் பதில் சொல்லும். பிறகு இரண்டும் எந்த வேகத்தில் பேசலாம் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். லைன் மோசமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் வீட்டிலோ குடோனிலோ இருக்கும் இணைப்பு போனை யாராவது எடுத்தால் காரியம் கெட்டது, பாதித் தாளோடு அறுந்துவிடும். கால் வெயிட்டிங் வசதியும் இதே கெடுதலைச் செய்யும்.

இயந்திரத்தில் தேதி, நேரம், கடைப் பெயர், நம் எண் ஆகியவற்றைச் சரியாகப் பதிந்து வைக்கவும். அவை எதிர்ப்பக்கத்தில் வெளிவரும் தாளின் தலையில் அச்சாகும். எங்கள் பகுதியில் மின்வெட்டுக்குப் பிறகு சில இயந்திரங்களின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியோடு போகும் தாள் பின்னால் நம்மையே கடிக்கும்.

"ஓ.கே." என்றால் என்ன?

அனுப்பி முடிந்ததும் இயந்திரம் ஒரு சீட்டுத் தரும். எந்த எண், எத்தனை மணி, எத்தனை பக்கம், முடிவு "ஓ.கே.". இதைக் கண்டதும் மனது நிம்மதியாகிவிடும். ஆகக் கூடாது. ஓ.கே. என்றால் எதிர்ப்பக்கத்து இயந்திரம் இத்தனை பக்கம் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே. தாளைத் தலைகீழாக, எழுத்துப் பக்கம் மாற்றி வைத்து அனுப்பினாலும் வெற்றுத்தாள் போய்ச் சேர்ந்து ஓ.கே. என்றுதான் வரும். சரியான எண்ணா, படிக்க முடிந்ததா, படிக்கவேண்டிய ஆள் படித்தாரா என்பதெல்லாம் அந்தச் சீட்டுக்குத் தெரியாது.

ஆகவே அனுப்பிய ஐந்து நிமிடத்தில் டெலிபோன் செய்து, "என்ன வந்தது, படியுங்கள்" என்று கேட்கவேண்டும். "வந்ததா?" என்று கேட்கக் கூடாது, "வந்தது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். படிக்கச் சொல்லிக் கேட்டு, படித்தவர் பெயரையும் நேரத்தையும் மூலத்தின் மூலையில் குறித்து, ஓ.கே. சீட்டை அதோடு சேர்த்துக் கோக்கவும். எஸ்.டி.டி. காசு இரண்டு முறை ஆகிறதே என்று அன்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. நானும் இராத்திரி கால் கட்டணத்துக்காகக் காத்திருந்து அனுப்பியவன்தான். இராத்திரி அனுப்பினால் படிக்க ஆளிருக்காது என்பது புத்திக்கு எட்டச் சில காலம் ஆயிற்று.

வெளுத்துப்போன பதினாறாயிரம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1997இல் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் 200 மூட்டை உளுந்து வாங்கினேன், நூறு கிலோ மூட்டை. சரக்கில் ஈரம் அதிகம். பேசியதில், குவிண்டாலுக்கு 80 ரூபாய் தள்ளித் தருகிறேன், அடுத்த கணக்கில் நேர் செய்துகொள்வோம் என்று பெரியவர் தம் கைப்பட எழுதி பேக்ஸ் அனுப்பினார். மொத்தம் 16,000 ரூபாய். அதை நான் நல்ல பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைலில் கோத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உயரமான பலகையில் வைத்தேன்.

எட்டு மாதத்தில் பெரியவர் காலமானார். மகன் கடைக்கு வந்தார், மரியாதை தெரிந்த பிள்ளை. "அண்ணாச்சி, அப்பா எழுதியிருந்தா நான் கொடுக்காம இருக்க மாட்டேன். எழுத்தைக் காட்டுங்க" என்றார். பைலை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். உறையில் இருந்து உருவினால், வெள்ளைத் தாள். ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஏதோ நிழல். அந்தப் பிள்ளை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடமே கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். தொகையைப் பேரேட்டில் நஷ்டத்தில் எழுதினேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து மலிவு பேக்ஸ் இயந்திரங்களில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் மருந்து பூசிய தாள் அது. நகத்தால் வேகமாகக் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அந்தத் தாள் என்று அறியலாம். வெயில், சூடு, எண்ணெய்க் கை, சில பிளாஸ்டிக் உறைகளில் இருந்து கசியும் பொருள் எல்லாம் அதற்கு எதிரி. பத்திரம் என்று நினைத்துப் பிளாஸ்டிக்கில் போட்டதே என் தாளுக்கு எமன். வந்த அன்றே அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸில் தேதி போட்டு வைத்திருந்தால் பதினாறாயிரமும் கைக்கு வந்திருக்கும்.

திருவொற்றியூர்த் தம்பியின் பில்லும் அதே ஜாதித் தாள். கார்டு இயந்திரச் சீட்டு, ஏ.டி.எம். சீட்டு, இப்போது கடைகளில் கொடுக்கும் சுருள் பில் எல்லாம் அதேதான். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கையும் பில்லையும், அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கெடு நாளில் இருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். அதாவது ஆறு வருடம். அடுப்படிச் சுவரில் ஆறு மாதம் தாங்காத தாளை நம்பி வரிக் கழிவு எடுக்கிறோம்.

சட்டம் அதை எப்படிப் பார்த்தது

"பேக்ஸ்தானே, தபாலில் போனால்தான் கணக்கு" என்று அன்று பலர் நினைத்தார்கள். அப்படி நினைத்த ஒரு பெங்களூர் நிறுவனத்தின் வழக்கைச் சொல்கிறேன். எக்ஸிம் எய்ட்ஸ் என்ற பட்டு ஏற்றுமதியாளர். வாங்கியவர் அமெரிக்காவின் எஸ்.ஐ.எல். இம்போர்ட். செக் திரும்பியது. ஏற்றுமதியாளர் 11.6.1996 அன்று பேக்ஸில் நோட்டீஸ் அனுப்பினார். பதிவுத் தபாலிலும் அனுப்பினார், அது 25.6.1996 அன்று போய்ச் சேர்ந்தது. வழக்குப் போட்டது 8.8.1996.

செக் மோசடிச் சட்டத்தில் நோட்டீஸ் கிடைத்ததில் இருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. தபால் தேதியில் இருந்து எண்ணினால் வழக்கு கெடுவுக்குள். பேக்ஸ் தேதியில் இருந்து எண்ணினால் ஜூலை கடைசியிலேயே கெடு முடிந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், பேக்ஸில் போன நோட்டீஸும் நோட்டீஸ்தான், நாள் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டது. வழக்கு காலம் கடந்ததாயிற்று. அதாவது, பேக்ஸ் செல்லாது என்பதால் அவர் தோற்கவில்லை. செல்லும் என்பதால் தோற்றார்! தாம் அனுப்பிய தாளைத் தாமே கடிதமாக மதிக்காததன் விலை அது. (2002இல் சட்டம் திருத்தப்பட்டு, தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம் என்று வந்தது. நோட்டீஸ் கொடுக்கும் கெடுவும் 15 நாளில் இருந்து 30 நாளாயிற்று. இருந்தாலும் செக் திரும்பிய அன்றே வக்கீலைப் பாருங்கள்.)

கம்பி வழி வியாபாரத்தில் நம்மைப் போன்றவர்கள் நீதிமன்றம் போனது இது முதல்முறை அல்ல. 1959இல் அகமதாபாத் வியாபாரியும் காம்கானில் இருந்த ஆலையும் டெலிபோனிலேயே பருத்திப் பிண்ணாக்குக்கு விலை பேசி முடித்து, சரக்கு வராமல் வழக்காயிற்று. எந்த ஊரில் வழக்குப் போடுவது என்பதே சண்டை. 1965இல் உச்ச நீதிமன்றம், டெலிபோனில் சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில் ஒப்பந்தம் உண்டாயிற்று என்று தீர்ப்பளித்தது. அகமதாபாத்காரர் தம் ஊரிலேயே வழக்கை நடத்த வழி பிறந்தது.

இன்று ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். பேக்ஸில் கண்ட அதே குற்றங்கள் அங்கேயும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு நீல டிக் என்பது பழைய ஓ.கே. சீட்டின் தம்பி, போனைத் திறந்தது கடைப் பையனாக இருக்கலாம். பில்லைப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போய்ப் பொடி எண்கள் கலங்கும். டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் உள்ளபடியே போகும். போன் உடைந்தாலோ மாற்றினாலோ வெளுத்த தாளின் கதைதான். முக்கியமான பேச்சை அச்செடுத்து பைலில் போடுங்கள், போனையும் அழிக்காமல் வையுங்கள். 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்ட பதிவின் அச்சு நகலை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் ஒன்றும் சேர்த்துத் தரவேண்டும். அது எந்தப் போனில் இருந்து எடுத்தது என்பதைச் சொல்லவேண்டியிருக்கும்.

திருவொற்றியூர்த் தம்பியை அந்த மொத்தக் கடைக்கே திருப்பி அனுப்பினேன். கையெழுத்துப் போட்டவர் பெயரைச் சொல்லி, தை மாதத்தில் உங்கள் பெயருக்கு எழுதிய எண்ணெய் பில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர்களிடம் பில் இருந்தது. நாலு டின்னுக்கும் வரவு வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்து, சாதாரணத் தாளில் எடுத்த நகலைக் காட்டிவிட்டுப் போனார். ஜெராக்ஸ் கடையில் அந்த மாதத்துச் சுருள் பில்கள் முழுவதையும் கொடுத்திருக்கிறாராம். பிளாஸ்டிக் உறைகளைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டாராம்.